பழைய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: எந்த மெஷின் பதிப்பில் தொடங்கலாம்?

மணற்கடிகை:

வணக்கம் நண்பர்களே. 2003-ல் வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம்ல தொடங்கி அந்த வரிசையை முடிச்சிட்டேன். இதுக்கெல்லாம் மூலம் 1989-ல் வந்த பழைய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அதை முழுசா விளையாடிப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தேடப் போனா தலை சுத்துது. ஆப்பிள் 2, டாஸ், அமிகா, மேக், மெகா டிரைவ், சூப்பர் நின்டென்டோ, கேம் பாய்னு வரிசை நீண்டுகிட்டே போகுது. ஒரு படத்துல வெள்ளை உடுப்புப் போட்ட பையன் வெறுந்தலையோட ஓடுறான். இன்னொண்ணுல தலைப்பாகை கட்டிக்கிட்டு நிக்கிறான். ஒரு இடத்துல நேரம் 60 நிமிஷம்னு இருக்கு, இன்னொரு இடத்துல 120ன்னு இருக்கு.

எல்லாம் ஒரே கேம்தானா? எதுல தொடங்கினா சரியா இருக்கும்? கீபோர்டு, கேம்பேடு ரெண்டும் இருக்கு, எமுலேட்டர் (பழைய மெஷினைப் போல நடிக்கிற நிரல்) ஓட்டத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசி லெவல்களில் என்ன நடக்குதுன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடாதீங்க.

நிழலன்:

1990-ல் வந்த டாஸ் (அந்தக் காலத்து பிசி) பதிப்பு. யோசிக்கவே வேண்டாம். ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன். எதைக் கவனிக்கணும்னு பிடிபட்டுட்டா, மத்த பதிப்புகளை நீங்களே எடை போட்டுடுவீங்க.

இந்த கேமோட உயிர் இளவரசனோட காலில் இருக்கு. அந்தக் காலத்து மத்த பிளாட்பார்ம் கேம்களில் பட்டனை அமுக்கின நொடியே ஆள் எகிறுவான், காத்துல இருக்கும்போதே இடமும் வலமுமா திருப்பலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. இதை உருவாக்கின ஜோர்டன் மெக்னர் 1985-ல் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் ஏறவும் சொல்லி வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி, உருவத்தை மட்டும் தடம் பிடிச்சு வரைஞ்சு ஆப்பிள் 2-க்குள்ள கொண்டுவந்தார். அதனால இளவரசனுக்கு உடம்பு எடை இருக்கு. நிக்கச் சொன்னா சறுக்கித்தான் நிப்பான். திரும்பச் சொன்னா உடம்பை முறுக்கித்தான் திரும்புவான். ஓடும்போது தாவச் சொன்னா, எடுத்த அடியை முடிச்சிட்டுத்தான் தாவுவான். பள்ளத்தோட விளிம்புக்கு வந்து முடிவெடுத்தா உள்ளே விழுந்தாச்சு. ஒரு அடி முன்னாலேயே முடிவு பண்ணியிருக்கணும்.

ஒரு சின்ன சோதனை சொல்றேன். எந்தப் பதிப்பு கிடைச்சாலும் முதல் லெவலில் ஏதாவது ஒரு விளிம்புக்குப் போங்க. ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியா எடுத்து வைங்க. விளிம்பு வந்ததும் அவன் விழ மாட்டான். காலை மட்டும் வெளியே நீட்டி, கீழே தரை இல்லைன்னு பார்த்துட்டு பின்னால இழுத்துப்பான். அதுக்கு மேலயும் அமுக்கினாத்தான் இறங்குவான். அந்தக் கால் நீட்டல் இருக்கா, அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்குது, முடிஞ்ச கையோட அடுத்த கட்டளையைக் கேக்குதா? இது மூணும் சரியா இருந்தா அந்த போர்ட், அதாவது வேற மெஷினுக்கு மாத்தின பதிப்பு, தேறும். நிறம், இசை, தலைப்பாகை எல்லாம் அப்புறம்தான்.

டாஸ் பதிப்பு, கேமை வெளியிட்ட ப்ரோடர்பண்ட் நிறுவனம் தன் சொந்த ஆட்களை வச்சே செஞ்சது. காலும் கடிகாரமும் ஆப்பிள்ல இருந்தபடியே வந்திருக்கு. மேலே விஜிஏ நிறங்கள் சேர்ந்திருக்கு. நிலவறையோட நீலக் கல்லும் அரண்மனையும் பலருக்கு மனசுல நிக்கிறது இந்தப் பதிப்பாலதான்.

பதினாறுபிட்:

நிழலன் அண்ணா சொன்ன கால் கணக்கு முழுக்க சரி. ஆனா "யோசிக்கவே வேண்டாம்"னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்லை.

சூப்பர் நின்டென்டோ பதிப்பை ஒதுக்கிட்டு இந்தக் கேமைப் பத்திப் பேச முடியாது. 1992-ல் ஜப்பானோட அர்சிஸ் சாஃப்ட்வேர் செஞ்சது, மேற்கு நாடுகளில் கொனாமி வெளியிட்டது. அவங்க போர்ட் பண்ணிட்டுப் போகலை, கேமையே வளர்த்திருக்காங்க. 12 லெவல் 20 ஆச்சு, 60 நிமிஷம் 120 ஆச்சு. புதுப் பொறிகள், புது எதிரிகள், நிலவறைக்கும் அரண்மனைக்கும் அப்பால் வேற வேற இடங்கள். புதுசா வர்றவங்களுக்குத் தனியா பயிற்சி லெவல்களும் உண்டு. டாஸ்ல ஒருத்தன் தட்டுத் தடுமாறிச் செத்துச் செத்துக் கத்துக்கிற அசைவுகளை இங்கே கைபிடிச்சுச் சொல்லித் தர்றாங்க.

மூலத்தை அச்சு அசலா நகலெடுக்கிறதுதான் நல்ல போர்ட்டா? ஒரு டீம் ஒரு கேமை உட்கார்ந்து படிச்சு, "இதுல இன்னும் எட்டு லெவலுக்கு இடம் இருக்கு"ன்னு கண்டுபிடிச்சா அது அந்த கேமுக்குச் செய்ற மரியாதை இல்லையா?

நிழலன்:

மரியாதைதான், மறுக்கலை. எனக்கும் அது பிடிச்ச கேம். ஆனா அது வேற கேம்னு சொல்றேன்.

மூலத்துல ஒரு மணி நேரம்கிறது வெறும் எண் இல்லை. வில்லன் ஜாஃபர் இளவரசிக்குக் கொடுத்த கெடு அது. மணற்கடிகாரம் ஓடுது, நீங்க ஒரே அமர்வில் தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் ஓடி முடிக்கணும். முதல் தடவை நாலாவது லெவலிலேயே நேரம் தீர்ந்துடும். அப்புறம் முதல் லெவலை எப்படிக் குறுக்கு வழியில் முடிக்கிறதுன்னு தேடுவீங்க, ரெண்டாவதுல எந்தக் காவலாளியோட மோதாம தாண்டலாம்னு தேடுவீங்க. போகப் போக அந்த அறுபது நிமிஷமும் மனப்பாடமா ஆகும். ஒரு மணி நேரத்தை மனுஷன் முழுசா மனசுல பிடிச்சு வைக்க முடியும், ரெண்டு மணி நேரத்தை முடியாது. லெவலுக்கு 5 நிமிஷம், 6 நிமிஷம்னு கணக்குப் போட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா விளையாடும்போது அந்த வித்தியாசம் பெருசு.

வாள்வீச்சு:

கடிகாரம்னு பேச்சு வந்துட்டதால உள்ளே வர்றேன். நேரம் பிடிச்சு ஓடுறதுல எனக்கு நிறையப் பழக்கம் உண்டு.

டாஸ் பதிப்பு நொடிக்கு 12 தடவை நகருது. கேமோட ஒரு நிமிஷம்னா 720 துடிப்பு. ஆனா எதிரி முன்னால வாளை உருவிட்டா வேகம் நொடிக்கு 10 துடிப்பாக் குறையும். கேம் நேரத்தை எண்ணுறது துடிப்பை வச்சுத்தான். அதனால சண்டை நடக்கிறப்போ கேமோட ஒரு நிமிஷம் நம்ம கைக்கடிகாரத்துல 72 நொடி. சண்டைக் காட்சி கொஞ்சம் நிதானமா, ஒவ்வொரு வெட்டும் தடுப்பும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருக்குல்ல, காரணம் இதுதான். அந்த வேகக் குறைப்பு இல்லைன்னா எதிரியோட கை உயர்றதைப் பார்த்து மேல் அம்பை அமுக்கித் தடுக்கிறது கஷ்டம்.

இன்னொண்ணு. ஒரு துடிப்புன்னா சுமார் 83 மில்லி நொடி. உங்க டிவி சிக்னலை அலங்காரம் பண்ணிக் காட்டுற வகைன்னா, அந்தத் தாமதமே ஒரு துடிப்பைத் தின்னுடும். கேம் மோடு இருந்தா போட்டுக்கோங்க, இல்லைன்னா மானிட்டர்ல விளையாடுங்க. "இந்தப் பதிப்புல கன்ட்ரோல் சரியில்லை"ன்னு பலர் சொல்ற பதிப்புகளில் பாதிக் குற்றம் திரையோடது.

டாஸ்ல உள்ள இன்னொரு நிம்மதி: கேம் ஓடுற வேகம் மெஷினோட டைமரைப் பிடிச்சுப் போகுது. எமுலேட்டர்ல வேகத்தைக் கூட்டி வச்சாலும் இளவரசன் பறக்க மாட்டான்.

தட்டச்சுக்காரன்:

நிழலன் காலைப் பற்றிச் சொன்னதற்கு நிரல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஆப்பிள் 2-இன் மூல நிரலில் இளவரசனின் ஒவ்வொரு அசைவும் ஒரு வரிசை அட்டவணையாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் படத்தைக் காட்டு, இத்தனை புள்ளி முன்னே நகர்த்து, அடுத்த படத்தைக் காட்டு, இங்கே காலடிச் சத்தம் எழுப்பு, முடிந்ததும் நிற்கும் வரிசைக்குப் போ. ஓட்டம், சறுக்கல், விளிம்பில் தொங்குதல், மேலே ஏறுதல் எல்லாம் இப்படித்தான். அந்த அட்டவணையை ஒழுங்காக எடுத்துக்கொண்ட போர்ட்களில் கால் சரியாக இருக்கும். கண்ணால் பார்த்துப் புதிதாக எழுதியவற்றில் ஏதோ ஒன்று குறையும். இளவரசன் அதே உருவம்தான், ஆனால் தாவல் அரைக் கல் குறைந்தோ கூடியோ போகும்.

மெக்னருக்கு இது தெரிந்திருந்தது. ஆப்பிள் பதிப்பு முடிந்ததும் 1989 அக்டோபரில் நிரலின் உள்ளமைப்பை விளக்கித் தனியாக ஓர் ஆவணம் எழுதினார். மற்ற கணினிகளுக்கு மாற்றப்போகிறவர்களுக்காகத்தான் அது.

மட்டங்களின் அமைப்பும் அழகானது. ஒரு லெவலுக்கு அதிகபட்சம் 24 அறை. ஒவ்வொரு அறையும் 3 வரிசை, 10 நெடுவரிசை. டாஸில் ஒரு கட்டம் 32 புள்ளி அகலம். பத்துக் கட்டம் சேர்ந்தால் 320, திரை நிறைந்துவிடுகிறது. உருட்டல் கிடையாது. அறையின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த அறை சட்டென்று வந்து நிற்கும். ஒரு லெவல் முழுவதும், காவலாளிகள் நிற்கும் இடம், எந்தப் பொத்தான் எந்தக் கதவைத் திறக்கும் என்பது உட்பட, 2304 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த மூல நிரல் நெடுங்காலம் தொலைந்து போயிருந்தது. 2012-இல் மெக்னரின் தந்தை வீட்டில் ஒரு பெட்டியில் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுத்தார். இந்தக் கேமின் இசையை அமைத்தவரும் அவர்தான். பழைய வன்பொருள் அறிந்தவர்களின் உதவியோடு டிஸ்க்குகளைப் படித்து எடுத்து, அதே ஆண்டு ஏப்ரலில் நிரலை எல்லாரும் பார்க்க இணையத்தில் வைத்தார் மெக்னர்.

ஒலிச்சுவடு:

யாரும் சத்தத்தைப் பத்திப் பேசலையே. பதினாறுபிட் சொன்ன பதிப்புல எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை அதுதான். பின்னணி இசை இடைவிடாம ஓடுது. இசை நல்லாவே இருக்கு, தனியா கேட்டாலும் ரசிக்கலாம். ஆனா மூலத்துல விளையாடும்போது இசை கிடையாது. நிசப்தம். காலடிச் சத்தம், கதவு கடகடன்னு இறங்குற சத்தம், ரம்பக் கத்தி அறையுற சத்தம். இசை வர்றது ஏதாவது நடந்தாத்தான்: லெவல் முடிஞ்சா, செத்தா, மருந்து குடிச்சா, எதிரியை வீழ்த்தினா. வந்தா ரெண்டு மூணு நொடிதான். அதனால அந்தச் சின்ன இசைத்துணுக்குகளுக்கு அவ்வளவு கனம்.

அந்த நிசப்தம் விளையாட்டுக்கும் உதவுது. மேலே கை எட்டுற தளத்துக்குக் கீழே நின்னு சும்மா ஒரு குதி குதிச்சுப் பாருங்க. அந்த வரிசையில தளர்ந்த கல் ஏதாவது இருந்தா கடகடன்னு ஆடும். எது பொய்க்கல்னு ஓட்டத்தைத் தொடங்குறதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுடும். சத்தம் நம்ம கையில இருக்கிற ஒரு கருவி. அதை மேளத்தால மூடிட்டா பாதி கேம் போச்சு.

டாஸ்ல விளையாடுறவங்க சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்துக்கோங்க. பிசி ஸ்பீக்கர்லயும் விளையாடலாம், ஆனா வாளும் வாளும் மோதுற சத்தம் அதுல வெறும் கீச்சொலி.

பதினாறுபிட்:

மேளம்னு சொல்றது அநியாயம் ஒலிச்சுவடு. அரண்மனைக்குள்ள நுழையும்போது இசை மாறுறதுல ஒரு புது இடத்துக்கு வந்துட்டோம்கிற உணர்வு வருது. மூலத்துல அந்த வேலையைச் சுவரோட நிறம் மட்டும்தான் செய்யுது.

சத்தம்தான் முக்கியம்னா சிடி பதிப்புகளைப் பத்தியும் சொல்லணும். பிசி எஞ்சின் சிடி, மெகா சிடி ரெண்டுலயும் குரல் நடிப்போட கதைக் காட்சிகள் இருக்கு. மெகா சிடியில அது அனிமே பாணி. ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஆனா அதைப் பார்த்துட்டு மணற்கடிகை அதுல தொடங்க வேண்டாம்.

மணற்கடிகை:

இவ்வளவு விவரம் கிடைக்கும்னு எதிர்பார்க்கலை, எல்லாருக்கும் நன்றி. டாஸ் பதிப்பை இறக்கித் தொடங்கிட்டேன். கால் நீட்டிப் பார்க்கிற அந்த அசைவைப் பார்த்ததும் நிழலன் சொன்னது பளிச்சுன்னு விளங்கிடுச்சு.

ரெண்டு கேள்வி. முதல் லெவல் முடிஞ்சதும் ஒரு அறை நிறைய மருந்துப் புட்டி, ஒவ்வொண்ணுக்கும் மேலே ஒரு எழுத்து. ஏதோ பக்கம், வரி, சொல்னு கேக்குது. இது என்ன புதிர்? ரெண்டாவது, அந்தத் தலைப்பாகை விஷயம். இங்கே இளவரசன் வெறுந்தலையாத்தான் இருக்கான்.

பழம்பெட்டி:

அது புதிர் இல்லைங்க, நகல் தடுப்பு. பெட்டியோட வந்த கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்துல, குறிப்பிட்ட வரியில, குறிப்பிட்ட சொல்லோட முதல் எழுத்து என்னன்னு கேக்குது. அந்த எழுத்துக்குக் கீழே இருக்கிற புட்டியைக் குடிக்கணும். கையேட்டோட ஸ்கேன் இணையத்துல கிடைக்கும். நகல் தடுப்பையே கேமோட ஒரு அறையா மாத்தினாங்களே, அந்த யோசனை எனக்கு இன்னைக்கும் பிடிக்கும்.

தலைப்பாகை ஜப்பான்ல இருந்து வந்தது. 1990-ல் என்இசி பிசி-98 கம்ப்யூட்டருக்காகச் செஞ்சப்போ இளவரசனோட தோற்றத்தை மாத்தி, தலைப்பாகையும் மேல்சட்டையும் போட்டாங்க. 1992-ல் மேக் பதிப்பு வந்தப்போ அந்த உடுப்பு அங்கேயும் வந்துடுச்சு. மேக்ல படங்கள் ரொம்பக் கூர்மை. அதைச் செஞ்சது பிரசேஜ்ங்கிற நிறுவனம்.

இந்த மேக் பதிப்புக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 1989-ல் ஆப்பிள் 2 ஓய்வுபெறப் போற மெஷின். அமெரிக்காவில் கேம் வந்த சமயம் விற்பனை மந்தம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் போர்ட்கள் ஓடினதாலதான் கேம் மறைஞ்சு போகாம நின்னுச்சு. மேக் பதிப்பு வந்து, பெட்டியோட வடிவமும் மாறின பிறகுதான் அமெரிக்காவிலும் சூடு பிடிச்சுது. போர்ட்கள் இல்லைன்னா நாம இன்னைக்கு இதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

அமிகா, அட்டாரி எஸ்டி, ஆம்ஸ்ட்ராட் சிபிசி மூணும் 1990 பதிப்புகள். மூணும் கௌரவமான வேலை. பழைய 8-பிட் நின்டென்டோவும் கேம் பாயும் 1992. அந்த 8-பிட் நின்டென்டோல அசைவோட மென்மை நிறையவே போயிடுச்சு. கேம் பாய்ல 160க்கு 144 புள்ளித் திரைக்குள்ள இவ்வளவு கொண்டுவந்ததே பெரிசு, ஆனா முதல் அனுபவமா வேண்டாம். 2007-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கிளாசிக்கும் அழகா இருக்கும், அதுல சாண்ட்ஸ் ஆஃப் டைம் அசைவுகள் கலந்திருக்கு. மூலத்தை முடிச்சிட்டுப் பாருங்க.

மணற்கடிகை:

மூணாவது லெவலில் மாட்டிக்கிட்டேன். வெளியேறும் கதவைத் திறந்துட்டேன். தரையில கிடந்த எலும்புக்கூடு எழுந்து நின்னு வாளைத் தூக்குது. எவ்வளவு வெட்டினாலும் சாக மாட்டேங்குது. இது பக்கா?

வாள்வீச்சு:

பக் இல்லை. அவனுக்கு உயிர்ப் புள்ளியே கிடையாது, வெட்டிக் கொல்ல முடியாது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் ஒரு அடி பின்வாங்குவான், அதைப் பயன்படுத்துங்க. எந்தப் பக்கம் பள்ளம் இருக்குன்னு பார்த்து அந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டே போங்க. அவசரப்பட்டு வெட்டிக்கிட்டே இருக்காதீங்க. தடுத்து, உடனே வெட்டி, ஒரு அடி முன்னே. இந்தத் தாளம் பிடிபட்டா மேல் லெவல் காவலாளிகளும் சுலபம்.

பின்னணிக் கதை ஒண்ணு: சண்டை அசைவுகளை மெக்னர் எடுத்தது 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்துல இருந்து. எரோல் ஃபிளினும் பேசில் ராத்போனும் கடைசியில மோதுற இடத்துல சில நொடி ரெண்டு பேரும் பக்கவாட்டுல முழுசாத் தெரிவாங்க. அந்தச் சில நொடியை ஃப்ரேம் ஃப்ரேமா எடுத்துத்தான் வெட்டும் தடுப்பும் உருவாச்சு.

மணற்கடிகை:

தாண்டிட்டேன். நாலாவது லெவலும் முடிச்சிட்டேன். அந்தக் கண்ணாடி! வழியில முன்னாடி இல்லாத இடத்துல ஒரு கண்ணாடி நிக்குது, ஓடி வந்து அதுக்குள்ளேயே பாய்ஞ்சா உள்ளேயிருந்து ஒரு நிழல் மறுபக்கமா ஓடுறான், என் உயிர் ஒண்ணே ஒண்ணா இறங்குது. அஞ்சாவதுல எனக்கு வச்சிருந்த மருந்தை அவன் வந்து குடிச்சிட்டுப் போறான். 1989-ல் இதை எப்படி யோசிச்சாங்க?

தட்டச்சுக்காரன்:

நீங்கள் அவனைச் சந்திக்கும்வரை இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

முதலில் இந்தக் கேமில் சண்டையே இல்லை. பொறிகளும் தாவல்களும் மட்டும்தான். ஓர் எதிரி வேண்டும் என்று கூட வேலை செய்த டோமி பியர்ஸ் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். ஆனால் ஆப்பிள் 2-இன் நினைவகம் இளவரசனின் அசைவுப் படங்களாலேயே நிரம்பிவிட்டது. இன்னொரு உருவத்துக்கு அதே அளவு படம் வைக்க இடமில்லை.

பிறகு வந்த வழிதான் நிழல். இளவரசனின் அதே படங்களை எடுத்து, ஒரு பிட் தள்ளி, தன்மீதே எக்ஸ்குளூசிவ்-ஆர் (இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் அணைத்துவிடும் கணக்கு) செய்தால் உட்புறம் அழிந்து, ஓரங்கள் மட்டும் மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைக்கிறது. புதிதாக ஒரு படம்கூடச் சேர்க்கவில்லை. அதே ஓட்டம், அதே தாவல், வேறொரு ஆள். இளவரசனுக்கு எதிரி அவனே என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. காவலாளிகளுக்கு இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் நிழல் எந்தப் பதிப்பிலும் வெறும் வேறு நிற உருவமாகத் தெரிந்தால் எனக்கு உறுத்தும். ஆப்பிளில் அவன் நம் உடம்பிலிருந்து கழித்து எடுத்ததுபோலவே இருப்பான். ஆப்பிள் பதிப்பில் அவனை ஒருமுறையாவது பாருங்கள்.

இன்னொரு பதிப்பும் இங்கே பேசப்படவில்லை. கமடோர் 64-க்கு அந்தக் காலத்தில் இந்தக் கேம் வரவேயில்லை. 2011-இல் ஒரு ரசிகர் ஆப்பிளின் இயக்க நிரலையே பிரித்துப் படித்து, ஈஸிஃபிளாஷ் கார்ட்ரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். மூல நிரல் வெளியாவதற்கு முந்தைய வேலை அது. இரண்டு கணினிகளிலும் 6502 குடும்பச் செயலி என்பதால் இளவரசனின் தர்க்கத்தை அப்படியே கொண்டுவர முடிந்தது. கால் சோதனையில் அது தேறும். மூல நிரல் வெளியான பிறகு, அதைக் கொண்டு பிபிசி மாஸ்டர் கணினிக்கும் 2018-இல் ஒரு பதிப்பு வந்தது.

மணற்கடிகை:

இன்னொரு குழப்பம். எமுலேட்டர்ல எங்கே வேணும்னாலும் சேமிச்சு வச்சுத் திரும்பலாம்ல? அப்படி விளையாடுறது கேமுக்குத் துரோகமா?

நிழலன்:

துரோகம்னு சொல்ல மாட்டேன், ஆனா கெடு கரைஞ்சுடும். டாஸ் பதிப்பிலேயே சேமிப்பு இருக்கு, மூணாவது லெவல்ல இருந்து கன்ட்ரோலும் ஜியும் சேர்த்து அமுக்கினா சேமிக்கும். ஆனா அது வச்சுக்கிறது எந்த லெவல், எவ்வளவு நேரம் மிச்சம், உயிர் அளவு எவ்வளவு, அவ்வளவுதான். திரும்ப வந்தா லெவலோட தொடக்கத்துல நிப்பீங்க, கரைஞ்ச நேரம் கரைஞ்சதுதான். அந்தச் சேமிப்பு கடிகாரத்தை மதிக்குது. அதோட நிறுத்திக்கோங்க.

வாள்வீச்சு:

நான் கொஞ்சம் மாறுபடுறேன் நிழலன். கஷ்டமான ஒரு தாவலைப் பழக எமுலேட்டர் சேமிப்பு நல்ல வழி. அஞ்சு லெவலைத் திரும்பத் திரும்பக் கடந்து வந்து ஆறாவதுல அதே இடத்துல விழுறதுல என்ன பாடம் இருக்கு? பழகுறப்போ எப்படி வேணும்னாலும் பழகலாம். எண்ணிக்கையில சேர்க்கிற ஓட்டத்துல மட்டும் எதையும் தொடக்கூடாது.

அதுக்கு எஸ்டிஎல்பாப் வசதி. டாஸ் பதிப்பைப் பிரித்துப் படிச்சு இப்போதைய கம்ப்யூட்டர்களுக்காகத் திரும்ப எழுதின திறந்த நிரல் அது. துடிப்புக் கணக்கு டாஸ்ல உள்ளதேதான். எஃப்6 அமுக்கினா சேமிக்கும், எஃப்9 திரும்பக் கொண்டுவரும். பழைய பிழைகளைச் சரிசெஞ்சு விளையாடணுமா, அப்படியே வச்சு விளையாடணுமான்னு அமைப்புக் கோப்புல ஒவ்வொண்ணாத் தேர்ந்தெடுக்கலாம்.

நிழலன்:

பழகுறதுக்குன்னா சரி. முதல் தடவை விளையாடுறவங்களுக்கு மட்டும் வேண்டாம்ங்கிறேன். கீழே விழுந்தா நேரம் போகும்கிற பயத்தோட அந்த விளிம்புல நிக்கிறது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

மணற்கடிகை:

நிழலன் சொன்னபடியே போறேன், ஏற்கெனவே ஒருமுறை நேரம் தீர்ந்து திரும்பத் தொடங்கியாச்சு. எட்டாவதுல கதவு மூடிக்கிட்டு அடைபட்டப்போ அந்த எலி வந்து பொத்தானை மிதிச்சதும் கத்தியே விட்டேன். இப்போ பன்னிரண்டாவதுல நிக்கிறேன். நிழலன் எதிரே வாளோட வர்றான் (நம்ம நிழலன் இல்லை). அவனை வெட்டினா எனக்கும் உயிர் குறையுது. ஓடினா துரத்துறான். விடையைச் சொல்லாம ஒரு குறிப்பு மட்டும் கொடுங்க.

நிழலன்:

அவனுக்கு விழுற ஒவ்வொரு வெட்டும் உங்களுக்கும் விழுதுன்னு கவனிச்சிட்டீங்க, பாதி வந்தாச்சு. இந்த கேம்ல இருக்கிறது நாலு அம்பும் ஒரு ஷிஃப்ட்டும்தான். வாள் கையில இருக்கிறப்போ அந்த அஞ்சுல எதை நீங்க இதுவரை அமுக்கவே இல்லைன்னு யோசிங்க. முடிஞ்ச பிறகு எதிரே பள்ளம் தெரியும். நின்னுடாதீங்க.

மணற்கடிகை:

முடிச்சிட்டேன். ஜாஃபரையும் முடிச்சாச்சு, கடைசி நிமிஷங்கள்ல. பன்னிரண்டாவதைப் பத்தி இங்கே எதுவும் எழுத மாட்டேன், அடுத்து படிக்கிறவங்களும் அதைத் தானே கண்டுபிடிக்கட்டும். தரை விஷயத்துல "நின்னுடாதீங்க"ன்னு நீங்க சொல்லாம இருந்தா நின்னிருப்பேன்.

அடுத்து சூப்பர் நின்டென்டோ பதிப்பு. பதினாறுபிட், மூலத்தை முடிச்சவனுக்கு அந்தப் பயிற்சி லெவல்கள் தேவையா, தாண்டிப் போகலாமா?

பதினாறுபிட்:

தாண்ட வேண்டாம். அசைவு எல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனா மெதுவா அடி வைக்கிறதும் வாளை உறையில போடுறதும் கேம்பேடுல எந்த பட்டன்ல இருக்குன்னு கை பழகணும். அதை அங்கேயே பழகிட்டு வாங்க. முதல் லெவலிலேயே நிழலன் சொன்ன கால் சோதனையையும் செஞ்சு பார்த்துட்டு என்ன தோணுதுன்னு எழுதுங்க. அதுல தேறுதா இல்லையான்னு உங்க வாயால கேக்கணும்.